வேலையை விட்டால் பயிற்சிச் செலவைக் கட்ட வேண்டுமா? வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்கள்

பணியில் சேர்பவருக்குப் பயிற்சி அளித்துவிட்டு, குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை விட்டால் அதற்கான செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கும் ஒப்பந்தங்களை எதிர்த்து, அமெரிக்கத் தொழிலாளர்கள் கூட்டாகத் தொடுத்துவரும் வழக்குகளைப் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களிலிருந்து தேர்ந்தெடுத்த சில கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: ஐயா, என் மகன் அமெரிக்காவில் எம்.எஸ். முடித்துவிட்டு நியூ ஜெர்சியில் ஒரு கன்சல்டன்சி கம்பெனியில் சேர்ந்தான். மூன்று மாதம் பயிற்சி கொடுத்து, ஒரு வங்கியின் கணினிப் பிரிவுக்கு அவனை அனுப்பினார்கள். இரண்டு ஆண்டு முடிவதற்குள் விலகினால் 20,000 டாலர் கட்ட வேண்டும் என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். இப்போது எச்-1பி விசாவில் இருக்கிறான். வேறு நல்ல வேலையும் வந்திருக்கிறது. நீங்கள் எழுதிய கூட்டு வழக்கில் அவனும் சேர முடியுமா? (கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி)

பதில்: அம்மா, அமெரிக்காவில் கிளாஸ் ஆக்‌ஷன் என்று சொல்லப்படும் கூட்டு வழக்கு, எல்லா நிறுவனங்களுக்கும் சேர்த்துப் போடப்படும் ஒரே வழக்கு அன்று. ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தில், ஒரே மாதிரியான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பலருக்காக அவர்களில் ஓரிருவர் முன்னின்று தொடுப்பது அது. ஆகவே உங்கள் மகனுடைய நிறுவனத்தின்மீது அப்படி ஒரு வழக்கு நிலுவையில் இருந்தால்தான் அவர் அதில் இடம்பெற முடியும். இல்லையென்றால் அவரே முன்னின்று தொடுக்கலாம்.

வழக்கு இருக்கும்பட்சத்தில் ஒரு வேறுபாட்டை அவர் கவனிக்க வேண்டும். கூட்டாட்சி உரிமையியல் விதிகளின் 23ஆம் விதிப்படி, இழப்பீடு கேட்கும் கூட்டு வழக்குக்கு நீதிமன்றம் அங்கீகாரம் அளித்துவிட்டால், 'எனக்கு வேண்டாம்' என்று விலகிக்கொள்ளாத அனைவரும் தாமாகவே அதில் அடங்குவார்கள். ஆனால் குறைந்தபட்ச ஊதியம், மிகைநேர ஊதியம் ஆகியவற்றுக்கான 1938ஆம் ஆண்டின் நியாயமான தொழிலாளர் தரச் சட்டத்தின்கீழ் தொடுக்கப்படும் கூட்டு வழக்கில் நிலைமை நேர்மாறானது. அங்கே எழுத்து மூலம் சம்மதம் தெரிவித்தவர் மட்டுமே உள்ளே வருவார். அந்தச் சம்மதம் நீதிமன்றத்தில் தாக்கலாகும் நாள்வரை அவருடைய காலவரம்பு ஓடிக்கொண்டே இருக்கும். அது பொதுவாக இரண்டு ஆண்டு. வேண்டுமென்றே செய்த மீறல் என்று நிரூபித்தால் மூன்று. யாரோ வழக்குப் போட்டிருக்கிறார்கள், நமக்கும் சேர்த்துத்தான் என்று நம்பி உட்கார்ந்திருந்து உரிமையை இழந்தவர்கள் உண்டு.

உங்கள் மகனின் நிலைமைக்கு நெருக்கமானது ஸ்மூத்ஸ்டாக் என்ற வர்ஜீனியா நிறுவனத்தின்மீது 2023 ஏப்ரலில் வர்ஜீனியா கிழக்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்கு. இதுவும் கணினித் துறைக்கு ஆள் சேர்த்து, பயிற்சி கொடுத்து, பெரிய நிறுவனங்களுக்கு அனுப்பும் தொழிலே. பயிற்சியின் தொடக்க வாரங்களுக்கு ஊதியமே இல்லை, பிறகு எத்தனை மணி நேரம் உழைத்தாலும் நாற்பது மணி நேரத்துக்கு மட்டும் குறைந்தபட்ச ஊதியம், கிளையன்டிடம் கட்டணம் வசூலிக்கத் தக்க 4,000 மணி நேர வேலையை முடிப்பதற்குள் விலகினால் இருபதாயிரம் டாலருக்கு மேல் கடன் என்பன அதன்மீதான குற்றச்சாட்டுகள். வாரத்துக்கு நாற்பது மணி நேரம் வைத்தால் 4,000 மணி நேரம் என்பது நூறு வாரம். இரண்டு பிராஜெக்டுகளுக்கு இடையே வேலையின்றி 'பெஞ்ச்'சில் காத்திருக்கும் நாள்கள் இதில் சேராது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அந்த எண்ணின் முழுக் கனமும் புரியும். 2024இல் அமெரிக்கத் தொழிலாளர் துறையும் அதே நிறுவனத்தின்மீது தனியே வழக்குத் தொடுத்தது.

இந்த வழக்குகளில் முன்வைக்கப்படும் அடிப்படை வாதம் எளிமையானது. கூட்டாட்சி விதிகளின்படி ஊதியம் நிபந்தனையின்றி, முழுமையாகத் தொழிலாளியின் கைக்குச் சேர வேண்டும். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் நிறுவனமே தன் நன்மைக்காகத் திரும்ப வாங்கினால், அந்த ஊதியம் கொடுக்கப்பட்டதாகவே ஆகாது. இந்த வாதம் எப்போதும் வெல்லும் என்று சொல்வதற்கில்லை. கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரக் காவல் துறை, ஐந்தாண்டு முடியுமுன் விலகிய ஒரு காவலரிடம் 8,000 டாலர் பயிற்சிச் செலவைக் கேட்டது. கடைசி வாரத்துக்குக் குறைந்தபட்ச ஊதியம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதால், எஞ்சியதை ஒரு கடனைப் போலவே கருதலாம் என்று ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் சொல்லிவிட்டது. ஆண்டுக்கு ஆண்டு தொகை குறைந்துவரும்படி அந்த ஒப்பந்தம் எழுதப்பட்டிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

எச்-1பி விசாவில் இருப்பது அவருக்குப் பலவீனம் என்று நீங்கள் நினைக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் அது பலம். ஒப்பந்தக் காலத்துக்கு முன் விலகியதற்காக எச்-1பி தொழிலாளியிடம் அபராதம் வசூலிப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. உண்மையான இழப்பின் நியாயமான முன்மதிப்பீடாக இருந்தால் மட்டும், அந்தந்த மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டு நிறுவனம் கேட்கலாம். விசா விண்ணப்பத்துக்கான வழக்கறிஞர் கட்டணத்தையும் அரசுக் கட்டணத்தையும் அந்தத் தொகைக்குள் நுழைக்கக் கூடாது. மீறல் நடந்த பன்னிரண்டு மாதத்துக்குள் தொழிலாளர் துறையின் ஊதிய, வேலைநேரப் பிரிவில் புகார் அளிக்கலாம். புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்குவதும் சட்டத்துக்கு எதிரானதே. பயந்துபோய்த் தவணை முறையில் கட்டுவதாக அவர் புதிதாக எதிலும் கையெழுத்திட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒப்பந்தம், பயிற்சிக் கால அட்டவணை, சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றின் நகல்களோடு நியூ ஜெர்சியில் தொழிலாளர் தரப்பில் வாதாடும் வழக்கறிஞர் ஒருவரை விலகுவதற்கு முன்பே பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் தங்கை மகள் நர்சிங் முடித்து, ஓர் ஏஜென்சி மூலமாக அமெரிக்கா செல்லவிருக்கிறாள். மூன்று ஆண்டு கட்டாயம் வேலை செய்ய வேண்டும், தவறினால் பெருந்தொகை கட்ட வேண்டும் என்கிறார்கள். செவிலியர்கள் யாராவது இப்படி வழக்குப் போட்டு வென்றதுண்டா? (மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து நியூயார்க்கின் முதியோர் இல்லங்களுக்கு வரவழைக்கப்பட்ட செவிலியர்கள், சென்டோசா என்ற பெயரோடு தொடர்புடைய நிறுவனங்கள்மீது 2017இல் கூட்டு வழக்குத் தொடுத்தார்கள். மூன்றாண்டு முடியுமுன் விலகினால் 25,000 டாலர் என்பது ஒப்பந்தத்தில் இருந்த நிபந்தனை. இருநூறுக்கும் மேற்பட்ட செவிலியர்கள் அந்த வழக்கில் அடங்கினார்கள். நீதிபதி நீனா கெர்ஷோன் 2019 செப்டம்பரில் அளித்த தீர்ப்பு, இத்துறையில் இன்றும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது.

அந்தத் தீர்ப்பில் இரண்டு பகுதிகள் முக்கியமானவை. ஒப்பந்தத்தில் குறித்த தொகை, செவிலியர் விலகுவதால் நிறுவனத்துக்கு உண்மையில் ஏற்படும் இழப்போடு பொருந்தவில்லை. ஆளைப் போகவிடாமல் பிடித்து வைப்பதற்கான அபராதம் அது. எனவே செல்லாது என்பது முதல் பகுதி. மேலும் ஒரு படி சென்று, அப்படிப்பட்ட தொகையைக் காட்டி மிரட்டி வேலை வாங்குவது ஆள்கடத்தல் பாதிப்பாளர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கும் கட்டாய உழைப்பில் அடங்கும் என்பது இரண்டாம் பகுதி. 2000ஆம் ஆண்டில் வந்த அந்தச் சட்டத்தில், 'கடும் தீங்கு' என்பது உடல் தீங்கு மட்டுமன்று, பணத் தீங்கும் அதில் அடங்கும் என்று 2008இல் தெளிவாக எழுதப்பட்டது. சங்கிலியால் கட்டிப் போட்டால்தான் கட்டாய உழைப்பு என்று நினைத்துக்கொண்டிருந்த ஏஜென்சிகளுக்கு இது பேரிடி. மேல்முறையீட்டிலும் இந்த அடிப்படை முடிவு நிலைத்தது. ஒப்பந்தத்தில் வாக்களித்த அளவுக்கு, அதாவது அப்பகுதியில் நிலவும் ஊதிய விகிதத்துக்கு, அடிப்படைச் சம்பளம் தரப்படவில்லை என்பதும் அதே வழக்கில் நிரூபணமாயிற்று.

உங்கள் தங்கை மகள் கையெழுத்திடுவதற்கு முன், அந்தப் 'பெருந்தொகை' எதற்காக என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அது பயிற்சிச் செலவா, பயணச் செலவா, விசாச் செலவா என்று பிரித்துக் காட்ட முடியாத ஏஜென்சியை நான் நம்ப மாட்டேன். மாதாமாதம் அந்தத் தொகை குறையுமா, அல்லது முப்பத்தைந்தாவது மாதத்தில் விலகினாலும் முழுவதையும் கட்ட வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. எதிர்கால லாப இழப்பு, ஏஜென்சியின் வழக்குச் செலவு ஆகியவற்றையும் செவிலியரே ஏற்க வேண்டும் என்ற வாசகம் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்றும் தேட வேண்டும். அட்வான்ஸ்டு கேர் ஸ்டாஃபிங் என்ற நியூயார்க் நிறுவனம் இதே போன்ற கோரிக்கையோடு செவிலியர்களை நடுவர் தீர்ப்புக்கு, அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே தனி நடுவர் முடிவு சொல்லும் விசாரணைக்கு, இழுத்ததாகச் சொல்லி, 2023 மார்ச்சில் தொழிலாளர் துறையே அதன்மீது வழக்குத் தொடுத்தது. தொழிலாளியின் ஊதியத்தைத் தன் லாபத்துக்கு ஈடாக நிறுவனம் கேட்க முடியாது என்பது துறையின் வாதம்.

கேள்வி: நான் சட்டக் கல்லூரி மாணவி. பெரும்பாலான அமெரிக்க வேலை ஒப்பந்தங்களில் நடுவர் தீர்ப்பு விதியும், கூட்டு வழக்கைத் துறக்கும் விதியும் இருக்கும்போது, இப்படிப்பட்ட வழக்குகள் எப்படி நீதிமன்றத்தில் நிற்கின்றன? (சென்னையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: உண்மையில் பல நிற்பதில்லை. 2018 மே மாதத்தில் எபிக் சிஸ்டம்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், ஒவ்வொரு தொழிலாளியும் தனித்தனியாக நடுவரிடம்தான் போக வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னால் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. பயிற்சிக் கடன் ஒப்பந்தங்களைப் பற்றிய விவாதத்தில், கடன் தொகை நியாயமா என்ற கேள்விக்கு எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கவே விடாமல் வாசலில் நிற்கும் இந்த விதியைப் பற்றிக் குறைவாகவே எழுதுகிறார்கள் என்பது என் குறை.

ஆனாலும் வழிகள் இருக்கின்றன. 1925ஆம் ஆண்டின் கூட்டாட்சி நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் முதல் பிரிவு, மாநிலங்களுக்கு இடையேயான போக்குவரத்துத் தொழிலாளர்களை விலக்கி வைக்கிறது. நியூ பிரைம் என்ற லாரி நிறுவனத்தின் வழக்கில், நிறுவனம் ஓட்டுநரைத் 'தனி ஒப்பந்ததாரர்' என்று அழைத்தாலும் இந்த விலக்கு பொருந்தும் என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. பயிற்சி என்ற பெயரில் 10,000 மைல் தூரம் ஊதியமின்றிச் சரக்கு ஏற்றிச் சென்றதாக ஓட்டுநர் முறையிட்ட வழக்கு அது. கூட்டு வழக்காகவே நடந்து, 2020இல் 28 மில்லியன் டாலர் சமரசத்தில் முடிந்தது. இவை தவிர, அரசுத் துறைகள் தொடுக்கும் வழக்கைத் தொழிலாளி கையெழுத்திட்ட நடுவர் விதி கட்டுப்படுத்தாது. ஆனால் அரசு மாறினால் ஆர்வமும் மாறும். இத்தகைய ஒப்பந்தங்கள் பல தொழிலாளர் உறவுச் சட்டத்துக்கு எதிரானவை என்று தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் தலைமை வழக்கறிஞர் 2024 அக்டோபரில் வெளியிட்ட குறிப்பாணை, 2025 பிப்ரவரியில் அவருக்குப் பின் பொறுப்புக்கு வந்தவரால் திரும்பப் பெறப்பட்டது.

கேள்வி: நான்காயிரம், ஐந்தாயிரம் டாலர் அமெரிக்காவில் பெரிய தொகையா? இதற்கெல்லாம் கூட்டு வழக்கு எதற்கு? கடைசியில் வழக்கறிஞர்களுக்குத்தானே லாபம்? (திருச்சியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தொகை சிறியதாக இருப்பதுதான் கூட்டு வழக்கின் காரணமே. பெட்ஸ்மார்ட் என்ற செல்லப் பிராணிக் கடைத் தொடரில் நாய்களுக்கு முடி திருத்தும் வேலையில் இருந்த ஒருவர் 2022 ஜூலையில் கலிபோர்னியாவில் தொடுத்த வழக்கைப் பாருங்கள். இலவசப் பயிற்சி என்று விளம்பரப்படுத்தப்பட்ட வகுப்புக்கு 5,000 டாலர், கத்தரிக்கோல் முதலிய கருவிகளுக்கு 500 டாலர் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. ஓராண்டுக்குள் விலகினால் முழுத் தொகை, இரண்டாண்டுக்குள் விலகினால் பாதி. அதாவது பதினோராவது மாதத்தில் விலகுபவர், முதல் மாதத்திலேயே விலகியவர் கட்டும் அதே 5,500 டாலரைக் கட்ட வேண்டும். மணிக்கணக்கில் கூலி வாங்கும் ஒருவருக்கு இது பல மாதச் சேமிப்பு. ஒரு வழக்கறிஞருக்கோ தனியாக வாதாடக் கட்டுப்படியாகாத தொகை. இதைக் கட்டாவிட்டால் வசூல் நிறுவனத்துக்குப் போகும், கிரெடிட் ஸ்கோர் விழும், வாடகை வீடு கிடைப்பதுகூடக் கடினமாகும்.

நிறுவனம் எல்லோரிடமும் ஒரே அச்சடித்த படிவத்தில் கையெழுத்து வாங்கியிருப்பது அதற்கு வசதி. அந்த வசதியே கூட்டு வழக்குக்கும் அடித்தளமாகிறது. எல்லோருக்கும் பொதுவான கேள்வி ஒன்று இருக்கிறது என்று நீதிமன்றத்துக்குக் காட்ட அந்தப் படிவமே போதும். வழக்கறிஞர் கட்டணம் சமரசத் தொகையில் கணிசமான பங்கு என்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த வகை வழக்குகளில் காசோலையைவிட முக்கியமான பலன், வசூலிக்காமல் நிலுவையில் இருக்கும் கடன்களை ரத்து செய்வதும், இனி அந்தப் படிவத்தைப் பயன்படுத்தக் கூடாது என்ற உத்தரவும் ஆகும்.

கேள்வி: கலிபோர்னியாவில் இதற்குப் புதுச் சட்டம் வந்துவிட்டதாமே? என் நிறுவனம் என் முதுநிலைப் படிப்புக்குக் கட்டணம் கட்டுகிறது. அதையும் நான் திருப்பித் தர வேண்டியதில்லையா? (சான் ஹோசேயிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: ஏபி 692 என்ற அந்தச் சட்டத்தில் ஆளுநர் 2025 அக்டோபரில் கையெழுத்திட்டார். 2026 ஜனவரி 1ஆம் தேதியன்றோ அதன் பிறகோ செய்யப்படும் ஒப்பந்தங்களுக்குத்தான் அது பொருந்தும். வேலையை விட்டால் கடனாளி ஆக்கும் ஒப்பந்தங்களை அது பொதுவாகத் தடை செய்கிறது. மீறினால் ஒவ்வொரு தொழிலாளிக்கும் உண்மையான இழப்பு அல்லது 5,000 டாலர், இவற்றில் எது அதிகமோ அது கிடைக்கும். தலைக்கு இவ்வளவு என்று சட்டமே விலை வைத்துவிட்டதால் இனிக் கூட்டு வழக்குகள் பெருகும் என்பது என் கணிப்பு.

உங்கள் படிப்பு விதிவிலக்கில் வரக்கூடும். இப்போதைய வேலைக்குக் கட்டாயமில்லாத, வேறு இடத்திலும் செல்லுபடியாகும் பட்டத்துக்கு நிறுவனம் பணம் கட்டினால், வேலை ஒப்பந்தத்திலிருந்து பிரித்த தனி ஒப்பந்தத்தின் மூலம் திருப்பிக் கேட்கலாம். அந்தத் தொகை முன்கூட்டியே குறிக்கப்பட்டு, காலப்போக்கில் விகிதப்படி குறைய வேண்டும், உங்களை நிறுவனமே வெளியேற்றினால், தவறான நடத்தைக்காக அல்லாதபட்சத்தில், கேட்கவும் கூடாது. உங்கள் ஒப்பந்தத்தை இந்த நிபந்தனைகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: நம் ஊரிலும் ஐடி கம்பெனிகள் பாண்ட் போட்டுத்தான் வேலைக்கு எடுக்கின்றன. இங்கே நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து இப்படி ஒரு கூட்டு வழக்குப் போட முடியுமா? (சேலத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: அமெரிக்கப் பாணியில் முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் முதலாம் கட்டளை, எட்டாம் விதியின்படி, ஒரே நலன் கொண்ட பலருக்காக ஒருவர் நீதிமன்ற அனுமதியோடு வழக்குத் தொடுக்கலாம் என்றாலும், பாண்ட் வழக்குகளில் அது வழக்கத்தில் இல்லை. இங்கே பொதுவாக நிறுவனம் தனி ஆள்மீது வழக்குத் தொடுக்கிறது, அல்லது தொடுப்பேன் என்று நோட்டீஸ் அனுப்புகிறது. நோட்டீஸோடு நின்றுவிடுபவை ஏராளம்.

சட்ட நிலையும் அமெரிக்காவைப் போல் தொழிலாளி பக்கம் சாய்ந்திருக்கவில்லை. விஜயா வங்கி வழக்கில் 2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம், மூன்றாண்டுக்கு முன் விலகிய அதிகாரி 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையைச் செல்லும் என்று ஏற்றது. பொதுத்துறை வங்கி ஒருவர் விலகினால் மீண்டும் விளம்பரம் கொடுத்து, தேர்வு நடத்தித்தான் ஆள் எடுக்க வேண்டும் என்பதும், அந்த அதிகாரியின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் தொகை மிகையில்லை என்பதும் அங்கே எடைபோடப்பட்டன. தனியார் நிறுவனங்கள் இத்தீர்ப்பை நோட்டீஸில் எடுத்துக்காட்டும்போது இந்தப் பின்னணியைச் சொல்வதில்லை.

உங்களுக்குக் கைகொடுப்பது ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. பாண்டில் எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் வழங்கும். 2011இல் சிக்பா இந்தியா வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் செய்தது இதையே: பாண்ட் 2 லட்சம் ரூபாய்க்கு, மூன்றாண்டுக்கு, நிறுவனம் பயிற்சிக்குச் செலவழித்ததாகக் காட்டியது சுமார் 67,000, ஊழியர் இரண்டாண்டு வேலை செய்திருந்தார், ஆகவே மூன்றில் ஒரு பங்கு, சுமார் 22,500 ரூபாய் மட்டும் கட்டினால் போதும் என்றது. உங்களுக்கு நோட்டீஸ் வந்தால், பயிற்சிக்கு உங்கள்மீது தனிப்பட்ட முறையில் எவ்வளவு செலவானது என்பதற்கு ரசீதுகளுடன் கணக்குக் கேட்டுப் பதில் அனுப்புங்கள். பத்துப் பேரும் தனித்தனியே, ஆனால் ஒரே வழக்கறிஞர் மூலம் அனுப்பலாம். அதற்கு எந்தத் தடையும் இல்லை.